அந்த மரபு வகுப்பறைக்குள் வரட்டும்: கத்தோலிக்கக் கல்லூரி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியப் பெருமக்களே,

சென்னை, திருச்சி, பாளையங்கோட்டை, திருப்பத்தூர், மதுரை, தூத்துக்குடி என்று தமிழகமெங்கும் கத்தோலிக்கக் கல்லூரிகளில் பாடம் நடத்தும் உங்கள் அனைவருக்கும் எழுதுகிறேன். உங்களில் அருள்தந்தையர் இருக்கிறீர்கள், அருள்சகோதரிகள் இருக்கிறீர்கள், ஞாயிறு தவறாமல் பூசை காணும் இல்லறத்தார் இருக்கிறீர்கள். இந்துக்களும் இசுலாமியரும் பிற சபைக் கிறிஸ்தவர்களும், எந்தச் சமயத்தையும் ஏற்காதவர்களும் உங்களில் பலர். இந்த மடலை நான் முதலில் எழுதுவது கத்தோலிக்கர் அல்லாத உங்களுக்குத்தான். வாசலில் எழுதியிருக்கும் புனிதரின் பெயர் நிர்வாகத்தின் விவகாரம், நம் வேலை பாடம் எடுப்பது என்று எண்ணியபடியே முப்பது ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள்மேல் எனக்கு மனத்தாங்கல் இல்லை. அப்படி எண்ணும்படி அவர்களை விட்டுவிட்ட கல்லூரிகள்மேல்தான் வருத்தம்.

இப்படி ஒரு கல்லூரியில் படித்து, பிறகு இப்படி ஒரு கல்லூரியிலேயே பாடம் சொன்னவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

உங்கள் கல்லூரியில் கத்தோலிக்கம் எங்கே இருக்கிறது என்று ஒரு வெளியாள் கேட்டால் என்ன காட்டுவீர்கள்? கல்லூரிக் கோயிலைக் காட்டலாம். முதல் வெள்ளித் திருப்பலி, பாதுகாவலர் திருநாள், டிசம்பர் மாதத்துக் கிறிஸ்துமஸ் விழா, விடுதிக் கட்டுப்பாடு, சேர்க்கையில் சிறுபான்மையினருக்கான இடங்கள் ஆகியவற்றைச் சொல்லலாம். தர மதிப்பீட்டுக்கு நாக் குழு வருவதற்கு முன் புதுப்பித்து மாட்டும் குறிக்கோள் பலகையும் இருக்கிறது. இவை இருக்க வேண்டியவைதாம். ஆனால் மணி அடித்து மாணவர்கள் வகுப்புக்குள் போனபின் அங்கே நடப்பதில் இவற்றின் சுவடு எதுவும் இல்லை. வரலாறும் வணிகவியலும் இயற்பியலும் வேறெந்தக் கல்லூரியிலும் போலத்தான் நடக்கின்றன. எண்ணூறு ஆண்டுகளாக ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களிலும், நானூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ் மண்ணிலும் இயங்கிவந்த ஓர் அறிவு மரபு, நம் கல்லூரிகளில் வழிபாட்டு நேரத்துக்குள் சுருங்கிவிட்டது. அதை மறுபடி வகுப்பறைக்குள் கொண்டுவர வேண்டும், அதைச் செய்யக்கூடியவர்கள் நீங்கள்தாம் என்று சொல்லவே இந்த மடல்.

அந்த மரபு எப்படிப்பட்டது என்பதற்கு ஒரே ஒரு பக்கத்தைத் திறந்து காட்டுகிறேன். 13ஆம் நூற்றாண்டில் பாரிஸ் பல்கலைக்கழகத்தில் இறையியல் கற்பித்த புனித தாமஸ் அக்குவினாஸ் எழுதிய ‘சும்மா தியோலஜியே’ என்னும் பெருநூல் முழுவதும் கேள்விகளாலானது. ஒவ்வொரு கேள்வியிலும் முதலில் வருவது அவருடைய விடை அல்ல, அவருடைய விடைக்கு எதிரான வாதங்கள். ‘கடவுள் உண்டா?’ என்ற கேள்விக்கு வருகிறார். அங்கே எடுத்த எடுப்பில் இரண்டு தடைகளை வைக்கிறார். எல்லையற்ற நன்மை ஒன்று இருக்குமானால் உலகில் தீமைக்கு இடமே இருந்திருக்காது, தீமையோ கண்ணெதிரே இருக்கிறது, ஆகவே கடவுள் இல்லை என்பது முதல் தடை. இயற்கையில் நடப்பதை இயற்கையைக் கொண்டும், மனிதர் செய்வதை மனித அறிவையும் விருப்பத்தையும் கொண்டும் விளக்கிவிட முடிகிறது, கடவுளை இழுக்கத் தேவையே இல்லை என்பது இரண்டாவது. பெரியார் திடலில் இன்று பேசுபவரும் இவரைவிட வலுவாக இந்த வாதங்களைச் சொல்லிவிட முடியாது. ஒரு துறவி, ஒரு புனிதர், தாம் உயிரைக் கொடுத்து நம்பும் ஒன்றுக்கு எதிரான மிகச் சிறந்த வாதத்தைத் தாமே முதலில், குறைக்காமல், எதிராளியே ஒப்புக்கொள்ளும்படி எழுதுகிறார். அதற்குப் பிறகுதான் தம் விடையைச் சொல்கிறார். விடை சொல்லி முடித்தபின் தடைகளுக்குத் திரும்பி வந்து ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதுகிறார்.

தமிழ் வாசகருக்கு இந்த முறை அந்நியம் இல்லை. அதே 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என்று பகுத்துப் பாடினார். பரபக்கத்தில் பிறர் கொள்கைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி மறுக்கிறார், முதலில் நிறுத்துவது கடவுளே இல்லை என்னும் உலகாயதனை. பாரிசிலும் நடுநாட்டிலும் இரண்டு ஆசிரியர்கள், ஒருவரை ஒருவர் கேள்விப்பட்டே இராதவர்கள், நம்பாதவனின் குரலுக்கு முதலிடம் கொடுத்தார்கள். நம் கல்லூரிகளில் தமிழ்த் துறையும் தத்துவத் துறையும் அடுத்தடுத்த கட்டடத்தில் இருந்தும், இந்த இரண்டு நூல்களையும் ஒரே மேசையில் வைத்து மாணவர்களோடு படித்த வகுப்பு எத்தனை நடந்திருக்கும்?

அக்குவினாஸ் யாரிடமிருந்து கற்றார் என்பதும் முக்கியம். அரிஸ்டாட்டிலை அவருக்கு விளக்கிக் கொடுத்தவர்களில் தலையாயவர் கொர்தோபாவைச் சேர்ந்த இசுலாமிய அறிஞர் இப்னு ருஷ்து. அக்குவினாஸ் அவரைப் பெயர் சொல்லாமல் ‘உரையாசிரியர்’ என்றே குறிப்பிடுவது வழக்கம், அவ்வளவு மதிப்பு. பல இடங்களில் அவரோடு கடுமையாக மோதவும் செய்தார். இப்னு சீனாவிடமும் யூத அறிஞர் மைமோனிடிசிடமும் கற்றார். இது எல்லாருக்கும் பிடிக்கவில்லை. அவர் இறந்து மூன்றே ஆண்டில், 1277இல், பாரிஸ் ஆயர் எத்தியென் தாம்பியே 219 கருத்துகளைத் தவறானவை என்று கண்டித்தார். அவற்றுள் சில அக்குவினாசின் கருத்துகளையும் தொட்டன. 1323இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது. இரண்டு ஆண்டு கழித்துப் பாரிஸ் ஆயரகம், அவரைத் தொட்ட அளவில் அந்தக் கண்டனத்தைத் திரும்பப் பெற்றது. ஆக, ‘கத்தோலிக்க அறிவு மரபு’ என்று சொல்லும்போது ஆயர் சொன்னதை அப்படியே ஒப்பிக்கும் ஒன்றை நான் சொல்லவில்லை. அதற்குள் சண்டை இருந்திருக்கிறது, தடை இருந்திருக்கிறது, தடையை நீக்கிக்கொண்ட நேர்மையும் இருந்திருக்கிறது.

அதெல்லாம் ஐரோப்பா, நமக்கென்ன என்று கேட்பீர்கள். சரி, சென்னை லயோலா கல்லூரி இருக்கும் நுங்கம்பாக்கத்துக்கு வருவோம்.

சார்லஸ் ரசீன் என்ற பெயரை உங்களில் கணிதத் துறையினர் அறிவீர்கள். மற்றவர்களும் அறிந்திருக்க வேண்டும். 1897இல் பிறந்த பிரெஞ்சுக்காரர், இயேசு சபைக் குரு. பாரிசில் எலீ கார்தான் என்ற பெரும் கணித அறிஞரின் வழிகாட்டுதலில் முனைவர் பட்டம் பெற்றவர். அந்நாளில் கணிதத்தின் அடித்தளத்தையே மாற்றி எழுதிக்கொண்டிருந்த ஆந்த்ரே வெய்ல், ஆன்றி கார்தான் முதலியோர் அவருக்கு நண்பர்கள். 1937இல் இந்தியாவுக்கு வந்து முதலில் திருச்சி தூய வளனார் கல்லூரியிலும், 1939 முதல் சென்னை லயோலாவிலும் கற்பித்தார். அப்போது இங்கே இருந்த பாடத்திட்டம் பழைய கேம்பிரிட்ஜ் தேர்வைப் பார்த்து அமைந்தது. கடினமான கணக்கைக் குறித்த நேரத்தில் போட்டு முடிப்பவரே கெட்டிக்காரர். ரசீன் அந்தப் பாடத்திட்டத்துக்குள் நின்றபடியே, பிரான்சில் அப்போது உருவாகிக்கொண்டிருந்த புதிய கணிதத்தை மாணவர்களுக்கு அறிமுகப்படுத்தினார். தேர்வில் ஒரு மதிப்பெண்ணும் வாங்கித் தராத நூல்களைப் படிக்கச் சொன்னார். ஆர்வமும் திறமையும் உள்ளவர்களைப் பம்பாயில் புதிதாகத் தொடங்கியிருந்த டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போகத் தூண்டினார்.

காஞ்சிபுரத்தில் பிறந்த சி. எஸ். சேஷாத்ரியும், வட ஆர்க்காட்டுத் தண்டரைக் கிராமத்தில் பிறந்த எம். எஸ். நரசிம்மனும் லயோலாவில் அவரிடம் படித்தார்கள். இருவரும் 1953இல் பம்பாய் போய்ச் சேர்ந்தார்கள். 1965இல் அவர்கள் வெளியிட்ட தேற்றம் இருவர் பெயராலேயே உலகெங்கும் வழங்குகிறது. சி. பி. ராமானுஜமும் ராகவன் நரசிம்மனும் அதே கல்லூரியிலிருந்து போனவர்கள். சேஷாத்ரி பிற்காலத்தில் சென்னை கணிதவியல் நிறுவனத்தை உருவாக்கினார். இன்று அங்கே படிக்கும் பிள்ளைகளுக்கு ரசீன் ஒரு வகையில் தாத்தா முறை.

இதில் கத்தோலிக்கம் எங்கே வந்தது, கணிதத்துக்கு ஏது மதம் என்று நீங்கள் கேட்கலாம். கணிதத்துக்கு மதம் இல்லைதான். ஆனால் ஒரு துறவி, மறையுரை ஆற்றவும் பாவசங்கீர்த்தனம் கேட்கவும் பட்டம் பெற்றவர், ஆயுளில் பெரும்பகுதியைக் கணிதத்துக்குக் கொடுப்பதை அவரைக் கடல் கடந்து அனுப்பிய சபை வீண் என்று நினைக்கவில்லை. உலகம் அறிவுக்குப் பிடிபடக்கூடியது, உண்மை எந்தத் துறையில் கிடைத்தாலும் அது கடவுளுக்கு எதிரானதாக இருக்க முடியாது என்ற நம்பிக்கை அந்த முடிவுக்குப் பின்னால் இருக்கிறது. அந்த நம்பிக்கையைக் கொள்ளாத மாணவர்கள் அதன் பலனை முழுமையாகப் பெற்றார்கள். நான் சொல்லும் மரபு ஒரு கல்லூரியில் இப்படித்தான் இயங்க வேண்டும்.

அறிவியலை மதப் பிரச்சாரத்துக்குப் பயன்படுத்திக்கொள்வது இந்த மரபு என்று யாராவது நினைத்தால், பெல்ஜியத்து லூவன் பல்கலைக்கழகப் பேராசிரியரும் குருவுமான ஜார்ஜ் லெமேத்ரை நினைவூட்டுவேன். பேரண்டம் விரிவடைகிறது என்று 1927இலேயே எழுதியவர், பெருவெடிப்புக் கோட்பாட்டுக்கு வித்திட்டவர். 1951இல் திருத்தந்தை 12ஆம் பயஸ் அந்தக் கோட்பாட்டைப் படைப்புக்குச் சான்று போல எடுத்துப் பேசியபோது லெமேத்ருக்கு அது உவப்பாக இல்லை. தம் கோட்பாடு எந்தச் சமயக் கேள்விக்கும் வெளியே நிற்பது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். மறு ஆண்டு வானியலாளர்களிடம் பேசும்போது திருத்தந்தை அந்த வாதத்தைத் தவிர்த்துவிட்டார்.

இப்போது தமிழுக்கு வருகிறேன். தனிநாயகம் அடிகளை உலகத் தமிழ் மாநாட்டின் தந்தை என்று மேடையில் சொல்லி மாலை போட்டுவிடுகிறோம். அவருடைய படிப்பின் வரிசையைப் பாருங்கள். 1913இல் யாழ்ப்பாணத்துக் கரம்பொன்னில் பிறந்தவர், உரோமைக்குப் போய்க் குருவானார். அங்கே அவர் முனைவர் பட்ட ஆய்வு செய்தது, புனித சிப்ரியான் காலத்துக் கார்த்தேஜ் நகரக் குருக்களைப் பற்றி. இலத்தீனிலும் பல ஐரோப்பிய மொழிகளிலும் தேர்ந்து திரும்பியவர், நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்துப் பள்ளிக்கு ஆசிரியராக வந்தபோது, தம் தாய்மொழியின் இலக்கியத்தை முறையாகக் கற்கவில்லை என்பதை உணர்ந்தார். பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயரிடம் மாணவராக உட்கார்ந்து சங்க இலக்கியம் பாடம் கேட்டார். உரோமைப் பட்டம் கையில் இருக்க, மறுபடி அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்தார். 1952இல் ‘தமிழ் கல்ச்சர்’ என்ற ஆங்கில ஆய்விதழைத் தொடங்கினார். அந்தோம் தெ புரோயென்சா என்ற இயேசு சபைக் குரு தொகுத்து 1679இல் அம்பலக்காட்டில் அச்சான தமிழ்–போர்த்துக்கீசிய அகராதியை வத்திக்கான் நூலகத்தில் கண்டெடுத்து, 1966இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாக்கினார். 1964இல் புது டில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் அமைய முன்னின்றார். 1966இல் கோலாலம்பூரில் முதல் மாநாடு நடந்தது.

ஒரு குருவானவர் ஓர் ஐயரிடம் தமிழ் படிக்கிறார். அந்தப் படிப்பு தமிழாராய்ச்சியை உலக மேடைக்கு ஏற்றுகிறது. உங்கள் கல்லூரித் தமிழ்த் துறையில் கிறிஸ்தவ இலக்கியத் தாளில் தேம்பாவணியோடு நின்றுவிடாமல், இந்தக் கதையையும் சொல்லுங்கள்.

பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியில் பேராசிரியர் தே. லூர்து போன்றோரின் உழைப்பால் நாட்டார் வழக்காற்றியல் ஒரு துறையாக வேர்விட்டதும் இதே வகையைச் சேர்ந்ததுதான். சுடலைமாடனுக்கும் இசக்கியம்மனுக்கும் பாடும் வில்லுப்பாட்டை, கணியான் கூத்தை, ஒரு கத்தோலிக்கக் கல்லூரி பட்ட மேற்படிப்புக்கும் முனைவர் ஆய்வுக்கும் உரிய பாடமாக மதித்தது. முந்தைய தலைமுறை மறைபோதகர்கள் பேய் வழிபாடு என்று ஒதுக்கியவற்றைத்தான் இங்கே பிள்ளைகள் ஒலிப்பதிவுக் கருவியோடு போய்ச் சேகரித்தார்கள். திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967இல் தொடங்கிய ராப்பினா தாவரச் சேகரிப்பகத்தையும் இங்கே சொல்ல வேண்டும். அங்கிருந்து அருள்தந்தை கே. எம். மேத்யூ தமிழ்நாட்டுச் சமவெளித் தாவரங்களைப் பற்றி எழுதிய தொகுதிகள் இன்றும் தாவரவியலாளர் கையில் இருக்கின்றன.

பெருமை மட்டும் பேசி நிறுத்தினால் நான் அக்குவினாசிடம் எதுவும் கற்கவில்லை என்றாகும். எதிர்வாதத்தை நானே எடுத்து வைக்கிறேன்.

தனிநாயகம் அடிகள் தமிழ் படித்த அதே வடக்கன்குளத்துக் கோயிலுக்குள் ஒரு சுவர் இருந்தது. சாதிக்கு ஒரு பக்கமாக உட்கார்ந்து பூசை காண்பதற்காக எழுப்பிய சுவர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை இடித்தபோது நீதிமன்றம்வரை வழக்குப் போனது. 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி தமிழும் வடமொழியும் கற்று, காவி கட்டி, இந்நாட்டு அறிஞர்களோடு அவர்கள் மொழியிலேயே வாதிட்டார் என்று புகழ்கிறோம். புகழத்தான் வேண்டும். தமிழ் உரைநடைக்கு அவர் செய்ததும் சிறிதல்ல. ஆனால் அந்தணத் துறவி வேடத்தில் வாழ்ந்த அவர், ஒடுக்கப்பட்ட மக்களிடமிருந்து விலகியே இருக்க நேர்ந்தது. மேல்சாதியாருக்கு ஒரு வகைப் போதகர், மற்றவர்களுக்குப் பண்டார சுவாமிகள் என்று மதுரை மிஷன் பிரிந்தது. அதன் நிழல் கல்லறைத் தோட்டம்வரை நீண்டதைத் தலித் கிறிஸ்தவர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். உண்மையைத் தேடுவதாகச் சொல்லும் மரபு, கண்ணெதிரே இருந்த அநீதியை நூற்றாண்டுக் கணக்கில் பண்பாட்டு வழக்கம் என்று ஏற்றுக்கொண்டது. கலிலியோவை 1633இல் தண்டித்த தவறை வெளிப்படையாக ஒப்புக்கொள்ளத் திருச்சபைக்கு 1992வரை ஆனது. நூல்களைத் தடைசெய்யும் பட்டியல் 1966வரை வழக்கில் இருந்தது.

இந்த எதிர்வாதத்துக்கு என் பதில், அது உண்மை என்பதுதான். அதை மறைத்து வைத்துக்கொண்டு இந்த மரபைக் கற்பிக்க முடியாது. வடக்கன்குளத்துச் சுவரைப் பற்றிய ஆய்வு ஒரு கத்தோலிக்கக் கல்லூரியின் வரலாற்றுத் துறையிலிருந்துதான் முதலில் வர வேண்டும். கொடைக்கானல் செண்பகனூரில் இயேசு சபையின் ஆவணக் காப்பகம் இருக்கிறது. மதுரை மிஷன் கடிதங்களை நாயக்கர் கால வரலாற்றுக்கு ஆராய்ச்சியாளர்கள் பயன்படுத்தியிருக்கிறார்கள். உங்கள் முதுகலை மாணவர்களை அங்கே அழைத்துப் போய், சாதி பற்றி அந்தக் குருக்கள் என்ன எழுதினார்கள், எங்கே தயங்கினார்கள், யார் எதிர்த்தார்கள் என்று மூலத்திலேயே படிக்க வையுங்கள். சபைக்குச் சங்கடம் வரும் என்று தயங்கினால், அந்தத் தயக்கம் அக்குவினாசின் முறைக்கு விரோதம்.

1990 ஆகஸ்ட் 15 அன்று திருத்தந்தை 2ஆம் ஜான் பால் கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களுக்காக வெளியிட்ட ‘எக்ஸ் கோர்தே எக்லேசியே’ என்னும் ஏட்டைக் கல்லூரி முதல்வர்களும் செயலர்களும் அறிவார்கள். ஆராய்ச்சிச் சுதந்திரத்தையும் ஒவ்வொருவருடைய மனச்சான்றின் சுதந்திரத்தையும் மதிக்கச் சொல்கிறது அது. கத்தோலிக்கர் அல்லாத ஆசிரியர்கள் பெரும்பான்மை ஆகிவிட விடக்கூடாது என்ற விதியும் அதில் இருக்கிறது. அந்த விதியின் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் நம் நாட்டு நிலைக்கு அது பொருந்தாது என்பதே என் எண்ணம். ஒரு கல்லூரியின் மரபு ஞானஸ்நானச் சான்றிதழ்களின் எண்ணிக்கையில் இல்லை. கத்தோலிக்க ஆசிரியர்கள் நிரம்பிய துறையில் அந்த மரபு அடியோடு இல்லாமல் இருக்கலாம். லயோலாவின் பூச்சியியல் ஆய்வுக்கு 1963இல் அடித்தளம் இட்ட டி. என். அனந்தகிருஷ்ணன் கத்தோலிக்கர் அல்லர்.

நாம் எங்கே தவறவிடுகிறோம் என்பதை ஒரு சின்ன நடைமுறையில் பார்க்கலாம். பல கல்லூரிகளில் வாரத்தில் ஒரு மணி நேரம், மணி அடித்ததும் வகுப்பு இரண்டாகப் பிரிகிறது. கத்தோலிக்க மாணவர்கள் எழுந்து மறைக்கல்விக்குப் போகிறார்கள். மற்றவர்கள் அங்கேயே உட்கார்ந்து அறநெறி படிக்கிறார்கள். அங்கே நேரம் தவறாமை, பெற்றோரை மதித்தல், தன்னம்பிக்கை என்று ஒரு வழிகாட்டி நூல். அடுத்த பெஞ்சுத் தோழி எந்த அறைக்குப் போகிறாள், அங்கே என்ன பேசுகிறார்கள் என்பது மூன்று ஆண்டு முடிந்தும் மற்றவளுக்குத் தெரியாது. பதினெட்டு வயதுப் பிள்ளைகள் கடவுளைப் பற்றியும் சாவைப் பற்றியும் நீதியைப் பற்றியும் ஒருவரோடு ஒருவர் வாதாடியிருக்க வேண்டிய அந்த ஒரே மணி நேரத்தில் நாம் அவர்களைப் பிரித்து உட்கார வைக்கிறோம். மறைக்கல்வி தேவைதான், அதைப் பங்கிலும் விடுதியிலும் மாலையிலும் நடத்தலாம். வகுப்பு நேரத்தை எல்லாருக்கும் பொதுவாக்குங்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. 1891இல் திருத்தந்தை 13ஆம் லியோ வெளியிட்ட ‘ரேரும் நோவாரும்’ சுற்றுமடல், உழைப்பவருக்கு வாழப் போதுமான கூலி கொடுப்பது தர்மம் அன்று, நீதி என்று நிலைநாட்டியது. உரிமையாளரும் தொழிலாளியும் ஒப்புக்கொண்டுவிட்டால் எந்தக் கூலியும் நியாயம் ஆகிவிடாது என்று அது வாதிடுகிறது. இதை வணிகவியல், பொருளியல் வகுப்புகளில் ஆதாம் சுமித்துடனும் மார்க்சுடனும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும். ஆனால் இதைப் பாடமாக்கும் கல்லூரி, மாலை ஷிப்டில் சுயநிதிப் பிரிவில் பாடம் எடுக்கும் மேனேஜ்மென்ட் ஸ்டாஃபுக்கு என்ன சம்பளம் கொடுக்கிறது? நெட் தகுதித் தேர்வில் தேறிய, முனைவர் பட்டம் பெற்ற ஆசிரியர், பக்கத்து அறையில் அதே பாடத்தை எடுக்கும் அரசு உதவி பெறும் ஆசிரியரின் ஊதியத்தில் ஒரு சிறு பங்கை வாங்கிக்கொண்டு, கோடை விடுமுறையில் அதுவும் இல்லாமல் போகும் நிலை பல தனியார் கல்லூரிகளில் இருக்கிறது. கத்தோலிக்கக் கல்லூரிகள் இதற்கு விலக்கு என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா? நிதி இல்லை என்று நிர்வாகங்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. அரசு புதிய பணியிடங்களுக்கு ஒப்புதல் தருவது அரிது. ஆயினும் கணக்கைத் திறந்து வைத்து, ஆசிரியர்களோடு உட்கார்ந்து, அந்தச் சுற்றுமடலை நடுவில் வைத்துப் பேசுவதற்குப் பணம் தேவையில்லை.

இவற்றையெல்லாம் பாடமாக்க நமக்கு உரிமை இருக்கிறதா என்று கேட்கலாம். லயோலாவின் முதல்வராக இருந்த அருள்தந்தை ஜெரோம் டிசூசா அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக இருந்து சிறுபான்மையினர் உரிமைக்காக வாதாடினார். அரசமைப்புச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, சிறுபான்மையினர் தங்கள் விருப்பப்படி கல்வி நிறுவனங்களை நிறுவி நடத்தும் உரிமையைத் தருகிறது. அந்த உரிமையைச் சேர்க்கைக்கும் பணி நியமனத்துக்கும் நாம் நன்றாகப் பயன்படுத்துகிறோம். பாடத்திட்டத்துக்குப் பயன்படுத்துகிறோமா? லயோலா 1978இலேயே தன்னாட்சி பெற்றது. பின்னர் இன்னும் பல கல்லூரிகள் பெற்றன. தன்னாட்சிக் கல்லூரியில் பாடத்திட்டக் குழு உங்கள் கையில். ‘பல்கலைக்கழகம் விடாது’ என்ற பழைய சாக்கு இனி செல்லாது.

ஆகவே நான் கேட்பது பெரிய திட்டம் எதுவும் இல்லை. எல்லா மாணவருக்கும் பொதுவாக ஒரே ஒரு தாள் வேண்டும். அதில் அக்குவினாசின் அந்த ஒரு கேள்வியும், சித்தியாரின் உலகாயதப் பகுதியும், பெரியாரின் ஒரு கட்டுரையும் மூல வடிவில் இடம்பெறட்டும். ‘ரேரும் நோவாரும்’ இருக்கட்டும். 2015இல் வந்த ‘லௌதாத்தோ சி’ சுற்றுமடலைத் தாவரவியல் ஆசிரியர் ஒருவர் ஊர்க் குளக்கரையில் நின்று கற்பிக்கட்டும். தேர்வில் மாணவர் தாம் ஏற்காத தரப்பை அத்தரப்பினரே ஒப்பும்படி எழுத வேண்டும், அதற்குப் பிறகே தம் பதிலை எழுதலாம் என்று வினாத்தாளை அமையுங்கள். கடவுள் நம்பிக்கை உள்ள பிள்ளை மறுப்பாளனின் வாதத்தை எழுதட்டும், மறுக்கிற பிள்ளை நம்புகிறவனின் வாதத்தை எழுதட்டும். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறி வந்த பிள்ளைகள் நம்மிடம் ஏராளம். வேலை வாய்ப்புக்கான பயிற்சியைக் கொடுக்கிறோம், நல்லது. இந்தப் பயிற்சியும் அவர்களுக்குக் கிடைக்க வேண்டியதே. இது கிடைத்த பிள்ளையை வாட்ஸ்அப் வதந்தி எளிதில் தூக்கிப் போய்விடாது.

வரும் பாடத்திட்டக் குழுக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வையுங்கள். கத்தோலிக்கர் அல்லாத ஓர் ஆசிரியர் முன்மொழியுங்கள், ஓர் அருள்தந்தையோ அருள்சகோதரியோ வழிமொழியுங்கள். எதிர்ப்பவர்கள் இருந்தால் அவர்கள் வாதத்தை முழுதாகக் கேட்டு, நடவடிக்கைக் குறிப்பில் முதலில் எழுதிவிட்டு, அதன் பிறகு முடிவெடுங்கள்.

அன்புடன்,
உங்களோடு பாடம் சொன்ன ஒருவன்